ஆறாவது டேங்க்

முதல் எஞ்சினைப் பதினோரு நிமிடத்தில் கொன்றேன்.

கடையில் மெர்யாவிடம்
ஆறு டேங்க் பழக்கினேன் என்று சொன்னேன்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
காரைக் கவிழ்த்து
ஃப்ளைவீலை ஒற்றை விரலால் சுழற்றினாள்.
உச்சியில் முரண்டு பிடிக்க வேண்டிய இடத்தில்
பிடிக்காமல்
வெண்ணெய்க்குள் கத்திபோலப் போய்வந்தது பிஸ்டன்.

"இரண்டு," என்றாள்.
நான் ஜன்னல் வழியே கயானியின் ஒரே ரவுண்டானாவைப் பார்த்தேன்.
"ஒன்றரை," என்றேன்.

இத்தாலியிலிருந்து அது வந்து சேர மூன்று வாரம் பொறுத்தவன்.
ஒவ்வொரு டேங்குக்குப் பிறகும்
அது ஆறவேண்டிய பதினைந்து நிமிடம்
பொறுக்காதவன்.
ஆக்கப் பொறுத்து ஆறப் பொறுக்காத கதை
எனக்கும் ஒன்று இருக்கிறது இப்போது.
விலை இருநூற்றுத் தொண்ணூறு யூரோ.

இரண்டாவதற்கும் முழு விலையே வாங்கிக்கொண்டாள்.

முடி உலர்த்தி ஒன்று தேவைப்பட்டது.
பழைய சாமான் சந்தையில் நான்கு யூரோவுக்குக் கிடைத்தது.
விற்றவள் என் வழுக்கையை ஒருமுறை பார்த்தாள்,
பையில் போட்டுத் தந்தாள்.

அக்டோபர். இன்னும் பனி விழவில்லை.
பனி விழாதவரை எனக்கு வேலையும் இல்லை,
நகராட்சியின் பனி வாரும் லாரி ஷெட்டில் நிற்கிறது.
குடியிருப்பின் பின்முற்றத்தில்
கார்களைச் சூடாக்க நட்டிருக்கும் மின்கம்பத்தில்
முடி உலர்த்தியைச் செருகினேன்.
குளிர்ந்த குழல் மேலே குறுகிக் கிடக்கும்.
சூடேறினால்தான் விரிந்து
பிஸ்டனுக்கு வழிவிடும்.
தலைமேல் எச்சில் தொட்டு வைத்தேன்.
சுர்ரென்றது.
அலுமினியத் தாளைச் சுற்றினேன்,
அடுப்பில் வைக்கப்போகும் மீனுக்குச் சுற்றுவதுபோல.

மரக்கட்டைமேல் ஏற்றி, சக்கரங்கள் காற்றில்.
ஊசியை நன்றாகத் திறந்து
எரிபொருளில் மூழ்கடித்து
முதல் டேங்க்.
இருமியது, வடித்தது, நீலமாகப் புகைந்தது.
அந்தப் புகையில் ஆமணக்கு எண்ணெய் வாசம்.
இந்த மண்ணில் ஒருநாளும் மரமாகாத செடி
இங்கே வந்து எரிகிறது.

மூன்றாம் மாடி அஹ்தி
செருப்போடு இறங்கி வந்தான்.
"எப்போது ஓடும்?"
"இன்றைக்கு ஓடாது."
"பிறகு எதற்கு இத்தனை சத்தம்?"
"ஓடுவதற்கு."
சிகரெட் ஒன்று முடியும்வரை நின்றான்.
பைத்தியம் என்று அவன் சொல்லவில்லை.
ஃபின்லாந்தில் அதைச் சொல்ல வேண்டியதில்லை.
திரும்பி நடந்தாலே போதும்.

இரண்டாவது டேங்கும் கட்டைமேல்தான்.
மூன்றாவதில் தரையில் இறக்கி
குப்பைத் தொட்டிகளைச் சுற்றி மெதுவாக எட்டுப் போட்டேன்.
நான்காவதில் ஊசியைத் திருகினேன்,
கடிகாரத்தில் ஐந்து நிமிடம் நகரும் அளவு மட்டும்.
சத்தத்திலிருந்து சளி இறங்கியது.
ஆள்காட்டி விரல் ட்ரிகரை முழுதாக இழுக்கத் துடித்தது.
கையுறையைக் கழற்றி
அந்த விரலைக் குளிரில் விட்டேன்.

ஐந்தாவது டேங்க் தீரும்போது ஃபோன் அடித்தது.
சோட்காமோ சாலை வெளுத்துவிட்டதாம்,
உடனே லாரியை எடுக்கச் சொன்னார்கள்.
நிமிர்ந்து பார்த்தேன்.
விளக்குக் கம்பத்தைச் சுற்றி விழத் தொடங்கியிருந்தது.
நான் கவனிக்கவேயில்லை.

ஆறாவது டேங்குக்கு எரிபொருள் புட்டியில் இருந்தது.
ஊற்றினால் எட்டு நிமிடம்.
யார் கேட்கப்போகிறார்கள்?

புட்டியை மூடினேன்.
ஃப்ளைவீலில் சிவப்பு நகப்பூச்சால் வைத்த புள்ளி
மேலே வரும்வரை திருப்பினேன்.
அப்போது பிஸ்டன் அடியில், அகலமான இடத்தில் இருக்கும்.
உச்சியில் விட்டுப்போனால்
ஆற ஆறக் குழல் இறுகி
கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

விடியும்வரை சாலையை வாரினேன்.
லாரி கேபினுக்குள்ளும் ஆமணக்கு வாசம்,
கையுறையிலிருந்து.
ஏழு மணிக்கு மெர்யாவிடமிருந்து ஒரு செய்தி:
"எத்தனை?"

லாரியை ஓரங்கட்டி நிறுத்தினேன்.
"ஐந்து," என்று தட்டினேன்.

பதில் வரவில்லை.
நான் வாரிய தடம்
கண்ணாடியில் மறுபடி வெளுத்துக்கொண்டிருந்தது.